கிதியோன் சண்ட்பேக்

நாம் நாள்தோறும் கையாளும் பொருள்களுள் சில, தம் கடமையைச் செவ்வனே செய்து வரும் வரையில் நம் கண்ணில் படுவதே இல்லை. அவை பழுதுற்ற அன்றுதான் நாம் அவற்றை நினைக்கின்றோம். அத்தகைய பொருள்களுள் ஒன்று ஜிப்பர். கால்சட்டையிலும், குளிர்காலச் சட்டையிலும், புத்தகப் பையிலும் இரு வரிசைப் பற்களாக அமைந்திருப்பது அது. ஒரு சிறு துண்டை மேலே இழுத்தால் மூடிக்கொள்ளும். கீழே இழுத்தால் திறந்துகொள்ளும். அதனை நாம் ஜிப் என்று சுருக்கமாக வழங்குகின்றோம்.

பள்ளிக்குப் புறப்படும் வேளையில் பையின் ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டால் நமக்குச் சினம் மூளுகின்றது. இழுத்துப் பார்க்கின்றோம், அது நகராதபோது மேலும் வலிந்து இழுக்கின்றோம். முடிவில் பற்கள் கழன்று, நல்ல பை ஒன்று மூலையில் எறியப்படுகின்றது. பழுது சிறிது, அதனால் நேரும் இழப்போ பெரிது.

இந்தச் சிறு பொருளை ஒழுங்காக இயங்கச் செய்வதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முயற்சி நடைபெற்றது. செல்வர்கள் தம் பொருளை இழந்தனர். பொறியாளர்கள் தம் காலத்தை இழந்தனர். முடிவில் ஒருவர், முன்னோருடைய தோல்விகளைப் பொறுமையாக ஆராய்ந்து வெற்றி கண்டார். அவர் பெயர் கிதியோன் சண்ட்பேக். அவருடைய வரலாற்றைக் கற்பவர்கள், பழுதுபட்ட பொருளிடம் சினம் கொள்வதை விட்டுப் பழுதின் காரணத்தைத் தேடும் முறையையும் உடன் கற்பார்கள்.

இளமையும் கல்வியும்

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால் அமைந்த நாடு சுவீடன். அதன் தென்பகுதியில் ஸ்மோலாந்து என்னும் நிலப்பகுதி உள்ளது. காடுகளும் ஏரிகளும் நிறைந்த அப்பகுதி கற்கள் செறிந்தது. அங்கே வயலைத் திருத்த விரும்பும் உழவர், முதலில் மண்ணிலுள்ள கற்களைப் பொறுக்கி எடுத்து வரப்போரத்தில் அடுக்க வேண்டும். அவ்வாறு அடுக்கிய கற்சுவர்கள் அந்நாட்டு உழவரின் பொறுமைக்குச் சான்றாக விளங்குகின்றன. அப்பகுதியில், வசதி படைத்த ஓர் உழவர் குடும்பத்தில், 1880ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 24ஆம் நாள் கிதியோன் பிறந்தார்.

சிறுவரைப் பெற்றோர் பள்ளிக்கு அனுப்பிக் கல்வி கற்பித்தனர். தாய்நாட்டுக் கல்வி முடிந்தபின் அவர் ஜெர்மனிக்குச் சென்றார். அந்நாடு அக்காலத்தில் பொறியியற் கல்வியில் சிறந்து விளங்கியது. ரைன் ஆற்றின் கரையிலுள்ள பிங்கன் நகரத்துத் தொழிற்கல்லூரியில் அவர் சேர்ந்து பயின்றார். 1903ஆம் ஆண்டில் பொறியாளர் தேர்வில் தேறினார்.

அந்நாளில் சுவீடன் மக்கள் பலர் பிழைப்பை நாடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். ஸ்மோலாந்திலிருந்து சென்றோர் மிகப் பலர். சண்ட்பேக்கும் 1905ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றார். இரும்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பிட்ஸ்பர்க் நகரின் பகுதியில், வெஸ்டிங்ஹவுஸ் மின்பொறி நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. மாபெரும் மின்னாக்கி இயந்திரங்களைச் செய்யும் நிறுவனம் அது. இளம் பொறியாளர் ஒருவர் அங்கே இடம்பெறுவதைப் பெரும் பேறாகக் கருதுவார். ஆயினும் சண்ட்பேக் அங்கே நெடுநாள் தங்கவில்லை. 1906ஆம் ஆண்டில், விரல் நுனியளவே உள்ள கொக்கிகளைச் செய்ய முயன்றுகொண்டிருந்த ஒரு சிறு நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் நிலையை அறிந்தால்தான் அவர் ஏற்றுக்கொண்ட பணியின் கடுமை விளங்கும்.

முன்னோர் முயற்சிகள்

பன்னெடுங்காலமாக மக்கள் தம் உடையைக் கயிற்றாலும், ஊசியாலும், பித்தானாலும், கொக்கியாலும் இணைத்து வந்தனர். இவற்றை ஒவ்வொன்றாகப் பூட்டவும் அவிழ்க்கவும் வேண்டும். ஓர் இழுப்பில் அனைத்தும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு ஒன்று இருத்தல் நலம் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் சிலருக்குத் தோன்றிற்று. தையல் இயந்திரத்தை ஆக்கியோருள் ஒருவராகிய எலியாஸ் ஹோ என்பவர் 1851ஆம் ஆண்டிலேயே அத்தகைய அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் அதனை விற்பனைக்குக் கொண்டுவர முயலவில்லை.

அதன்பின் 40 ஆண்டுகளுக்குமேல் கழிந்தன. விட்கோம்ப் ஜட்சன் என்னும் பொறியாளர் இத்துறையில் இறங்கினார். காற்றின் அழுத்தத்தால் ஓடும் தெரு வண்டிகளை அமைக்க முயன்றவர் அவர். அக்காலத்து மக்கள் கணுக்காலுக்கு மேலும் உயர்ந்த பூட்ஸுகளை அணிந்தனர். அவற்றின் கயிறுகளைத் துளைதோறும் கோத்து முடிவது நேரம் பிடிக்கும் வேலை. ஆதலால் ஜட்சன் இரு வரிசைக் கொக்கிகளை அமைத்து, அவற்றை ஒரு நகரும் துண்டால் பூட்டும் வகை கண்டார். அதற்கு 1893ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே வைக்கப்பட்ட இப்புதுப் பொருளைப் பொதுமக்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

ஒருவர் மட்டும் அதில் பெருநம்பிக்கை வைத்தார். அவர் பென்சில்வேனியா மாநிலத்து மீட்வில் என்னும் ஊரைச் சேர்ந்த வழக்கறிஞர் லூயிஸ் வாக்கர். அவருடைய பொருளுதவியால் நிறுவனம் ஒன்று தோன்றிற்று. ஆண்டுகள் சென்றன, நிறுவனத்தின் பெயரும் இடமும் மாறின, வெற்றி மட்டும் வந்தபாடில்லை. கொக்கிகளைச் செய்வதற்காக ஜட்சன் அமைத்த இயந்திரம் மிகச் சிக்கலானது, அடிக்கடி பழுதுற்றது. 1905ஆம் ஆண்டளவில் அவர் சீ-கியூரிட்டி என்னும் திருந்திய வடிவத்தை வெளியிட்டார். பாதுகாப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஒலிக்கும் பெயர் அது. பெண்டிர் அதனைத் தம் பாவாடைகளில் தைத்து அணிந்தனர். ஆனால் பொருள் பெயருக்கு ஏற்றதாக இல்லை. அணிந்தவர் குனிந்தாலும் அமர்ந்தாலும் கொக்கிகள் எதிர்பாராத நேரத்தில் விடுபட்டன. நாலு பேர் நடுவே உடை திறந்துகொள்ளுமாயின் அதனை யார் மீண்டும் வாங்குவர்? இவ்வாறு கடைகளில் விலைபோகாமல் நின்ற நிலையில்தான் ஹோபோக்கன் என்னும் ஊரிலிருந்த அந்நிறுவனத்தில் சண்ட்பேக் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 26.

ஹோபோக்கனில்

ஹோபோக்கன், நியூ ஜெர்சி மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் கரையில், நியூயார்க் மாநகருக்கு எதிரே அமைந்துள்ளது. அங்கிருந்த தொழிற்சாலையின் மேலாளர் பீட்டர் ஆரன்சன் என்பவர். அவருடைய மகள் எல்வீரா. சண்ட்பேக் 1909ஆம் ஆண்டில் எல்வீராவை மணந்தார். அவர்களுக்கு ஒரு பெண்மகவு பிறந்தது.

தொழிற்சாலையில் சண்ட்பேக் முதலில் செய்த வேலை, பழைய கொக்கிகளைத் திருத்துவது. கொக்கி வளையத்தினின்றும் எளிதில் நழுவாதபடி அதன் வடிவத்தை மாற்றினார். திருத்திய பொருள் பிளாக்கோ என்ற பெயரால் விற்பனைக்கு வந்தது. முந்தியதைவிட அது மேலானதே. எனினும் வளைத்தால் விடுபடும் குற்றம் அதனை விட்டு முழுவதும் நீங்கவில்லை. கொக்கி ஒரு பக்கமும் வளையம் மறு பக்கமும் இருக்கும் வரையில், துணி வளையும்போதெல்லாம் ஏதேனும் ஒரு கொக்கி தன் வளையத்தை விட்டு நழுவுவது இயல்பு. கொக்கியை எத்துணை திருத்தினாலும் பயன் சிறிதே. குற்றம் கொக்கியின் உருவத்தில் இல்லை. கொக்கி என்னும் கருத்திலேயே உள்ளது. இவ்வுண்மையை உணர்வதற்குச் சண்ட்பேக்குக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

துயரும் உழைப்பும்

1911ஆம் ஆண்டில் எல்வீரா இறந்தார். மணமாகி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. கைக்குழந்தையுடன் சண்ட்பேக் தனித்து நின்றார். தாய்நாட்டை விட்டு வந்தவருக்கு இல்லறமே புதிய நாட்டில் வேராக இருந்தது, அவ்வேர் அறுந்தது. அதே காலத்தில் நிறுவனமும் கடனில் மூழ்கியிருந்தது. பொருள் விலைபோகவில்லை, ஊழியர் தொகை சுருங்கிற்று. பொறியியல் கற்ற இளைஞர் ஒருவர் வேறு வேலை தேடிக்கொள்ளுதல் அந்நாட்டில் அரிதன்று. அவ்வாறு சென்றிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

ஆனால் சண்ட்பேக் தம் துயரை உழைப்பில் ஆற்றிக்கொண்டார். பகலும் இரவும் வரைபலகையின் முன்னே கழிந்தன. கொக்கியே இல்லாத பூட்டு ஒன்றை அமைப்பதென்று அவர் துணிந்தார். அவ்வகையில் முதலில் செய்த பூட்டில், ஒரு பக்கத்துத் துணியின் ஓரம் தடித்த விளிம்பாக இருந்தது. மறு பக்கத்தில் உலோகக் கவ்விகள் இருந்தன. நகரும் துண்டு செல்லச் செல்லக் கவ்விகள் துணி விளிம்பைப் பற்றிக்கொண்டன. வளைத்தாலும் அது எளிதில் திறக்கவில்லை. வெற்றி கிட்டிவிட்டதென்றே தோன்றிற்று. ஆனால் சின்னாட்களில் புதிய குற்றம் ஒன்று வெளிப்பட்டது. உலோகம் மீண்டும் மீண்டும் பற்றுவதால் துணியின் விளிம்பு தேய்ந்து கிழிந்தது. வன்மையான பொருளும் மென்மையான பொருளும் ஒன்றோடொன்று உராய்ந்தால் மென்மையானது அழிவது உறுதி.

இத்தோல்வியும் அவருக்கு ஒரு பாடமாயிற்று. பற்றுகின்ற பகுதியும் பற்றப்படுகின்ற பகுதியும் ஒரே பொருளாலும் ஒரே வடிவத்தாலும் அமைதல் வேண்டும் என்பதை அவர் அறிந்தார். கொக்கியும் வளையமும் அற்ற, கவ்வியும் துணிவிளிம்பும் அற்ற, ஒன்றுக்கொன்று நிகரான இரு வரிசைகள் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1913ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வமைப்பு உருவாயிற்று.

பல்லும் குழியும்

அவ்வமைப்பை நன்கு அறிந்துகொள்ள விரும்பும் மாணவர்கள் தம் பையிலுள்ள உலோக ஜிப்பை எடுத்து உற்றுப் பார்த்தல் வேண்டும். இரண்டு நாடாக்கள் உள்ளன. ஒவ்வொரு நாடாவின் ஓரத்திலும் சிறு பற்கள் ஒரே அளவான இடைவெளி விட்டுப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கத்துப் பற்கள் மறு பக்கத்துப் பற்களின் இடைவெளிக்கு நேராக நிற்கின்றன. ஒவ்வொரு பல்லின் ஒரு முகத்தில் சிறு மேடும், அதன் மறு முகத்தில் சிறு குழியும் இருக்கின்றன. பூட்டும்போது ஒரு பல்லின் மேடு எதிர்ப்பக்கத்துப் பல்லின் குழியில் அமர்கின்றது. அதன்மேல் அடுத்த பல் வந்து அமர்ந்து, முன்னதை வெளியேறவிடாமல் காக்கின்றது. இவ்வாறு ஒவ்வொன்றும் தனக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைக் காவல் செய்வதால் நாடா முழுவதும் ஒரே சங்கிலி போல் ஆகின்றது.

ஜட்சனின் பூட்டில் ஓர் அங்குலத்துக்கு நான்கு கொக்கிகளே இருந்தன. சண்ட்பேக் அவ்விடத்தில் பத்து அல்லது பதினொரு பற்களை வைத்தார். பற்கள் சிறியனவாகவும் நெருங்கியனவாகவும் இருப்பதால், துணி வளையும்போது அவையும் உடன் வளைந்து கொடுக்கின்றன. இடையில் வாய் திறப்பதில்லை.

பற்களைப் பூட்டவும் பிரிக்கவும் வல்லது நாடாமீது நகரும் சிறு துண்டு. தையற்காரர் அதனை ரன்னர் என்பர். அதன் உட்புறம் இரண்டு வழிகள் ஒன்றாகக் கூடும் கவர் போன்றது. அகன்ற பக்கத்தில் இரு வாயில்கள் உள்ளன. அவற்றுக்கு நடுவே ஆப்புப் போன்ற ஒரு தடுப்பு நிற்கின்றது. குறுகிய பக்கத்தில் ஒரே வாயில் உள்ளது. ரன்னரை மேலே இழுக்கும்போது இரு பக்கத்துப் பற்களும் தனித்தனி வாயில் வழியே நுழைகின்றன. ரன்னரின் சுவர்கள் அவற்றைச் சாய்த்து நெருக்க, ஒரு பல் அடுத்த இரு பற்களுக்கு நடுவே புகுகின்றது. கீழே இழுக்கும்போது நடுவிலுள்ள ஆப்பு அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகின்றது. பற்களைப் பக்கவாட்டில் பிடித்து இழுப்பவர் எத்துணை வலிமை உடையவராயினும் எளிதில் பிரிக்க இயலாது. ஆப்பு வழியே பிரிப்பது சிறு குழந்தைக்கும் எளிது. இவ்வமைப்புக்கு 1917ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காப்புரிமை வழங்கப்பட்டது.

பற்களைச் செய்யும் பொறி

நல்லதொரு பூட்டை எண்ணிக் கண்டால் மட்டும் போதாது. அதனைப் பெருந்தொகையாகவும் மலிவாகவும் செய்ய வேண்டும். ஓரடி நீளமுள்ள ஜிப்பில் நூற்றுக்கு மேற்பட்ட பற்கள் உள்ளன. அவை அனைத்தும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். ஒரு பல் சற்றே பெருத்தால் ரன்னர் அங்கே நின்றுவிடும். ஒரு பல் சற்றே விலகினால் அதற்கு மேலுள்ளவை எல்லாம் பொருந்தாமற் போகும். ஜட்சனின் முயற்சி தளர்ந்த இடம் இதுவே. சிறந்த கருத்து உடையவராக இருந்தும் அதனை நிறைவேற்றத் தக்க இயந்திரம் அவருக்கு வாய்க்கவில்லை.

சண்ட்பேக் பூட்டை அமைத்தது போன்றே, பூட்டைச் செய்யும் பொறியையும் தாமே அமைத்தார். முதற்காலத்துப் பொறி தகட்டிலிருந்து பற்களை வெட்டியெடுத்தது. அதனால் தகட்டின் பெரும்பகுதி கழிவாயிற்று. பின்னர் அவர் ஒரு புதுமுறை கண்டார். இரு கால்கள் விரிந்த கவர் வடிவில் ஒரு கம்பியை முதலில் உருவாக்கினார். அக்கம்பியைச் சிறு சிறு துண்டுகளாக அறுத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு பல்லாயிற்று. பொறி அத்துண்டில் மேட்டையும் குழியையும் அழுத்திப் பதித்தது, அதன் இரு கால்களையும் நாடாவின் விளிம்பில் வைத்து இறுக்கிற்று, நாடாவை ஒரு பல்லளவு நகர்த்திற்று, மீண்டும் அறுத்தது. இம்முறையில் கழிவு என்பதே இல்லை. பொருளைச் சிக்கனமாகக் கையாள்பவரே தொழிலில் நிலைபெறுவர் என்பதற்கு இப்பொறி தக்க எடுத்துக்காட்டு.

பெயரும் புகழும்

நிறுவனம் வாக்கரின் ஊராகிய மீட்வில்லுக்கு மாறியது. கொக்கியற்ற பூட்டு நிறுவனம் என்னும் பொருள்படப் புதுப்பெயர் பெற்றது. ஆயினும் உடை தைப்போர் அதனை உடனே ஏற்கவில்லை. பழைய பூட்டுகளிடம் ஏமாந்த அவர்கள் புதியதையும் ஐயத்தோடு நோக்கினர். முதல் உலகப் போர் நடைபெற்ற காலத்தில் நிலை சற்றே மாறியது. கடற்படை வீரர் இடுப்பில் அணியும் பணப்பைகளிலும், விமானிகளின் உடைகளிலும் இப்பூட்டு வைக்கப்பட்டது. காற்றைத் தடுக்கும் அதன் ஆற்றலை வீரர்கள் நேரில் கண்டனர். பின்னர்ப் புகையிலைப் பைகளிலும் அது இடம்பெற்றது.

1923ஆம் ஆண்டில் குட்ரிச் என்னும் ரப்பர் நிறுவனம் தன் மழைக்காலப் பூட்ஸுகளில் இப்பூட்டைப் பொருத்திற்று. இழுக்கும்போது எழும் ஒலியைக் கொண்டு அந்நிறுவனம் அப்பூட்ஸுக்கு ஜிப்பர் என்று பெயரிட்டது. நாளடைவில் பூட்ஸின் பெயர் பூட்டுக்கே உரியதாயிற்று. எந்தப் பூட்ஸுக்காக ஜட்சன் 30 ஆண்டுகளுக்கு முன்னர்த் தம் முயற்சியைத் தொடங்கினாரோ, அந்தப் பூட்ஸின் வழியாகவே அப்பொருள் உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஜட்சன் அதனைக் காண உயிருடன் இல்லை. அவர் 1909ஆம் ஆண்டிலேயே மறைந்தார். 1930ஆம் ஆண்டுகளில் சிறுவர் உடைகளிலும், ஆடவர் கால்சட்டைகளிலும், மகளிர் உடைகளிலும் ஜிப்பர் பரவியது. 1937ஆம் ஆண்டில் மீட்வில் நிறுவனம் டாலன் என்று பெயர் மாறிற்று. அந்தச் சிற்றூரில் ஆயிரக்கணக்கானோர் அத்தொழிலால் பிழைத்தனர். சண்ட்பேக் கனடா நாட்டில், ஒண்டாரியோ மாநிலத்துச் செயின்ட் கேதரின்ஸ் நகரிலும் ஜிப்பர் தொழில் நிறுவனம் ஒன்றை நடத்தினார்.

பழுதும் பராமரிப்பும்

சண்ட்பேக் கண்ட அமைப்பை மனத்திற் கொண்டவர்களுக்கு ஜிப்பின் பழுதுகளை அறிதல் எளிது. அவற்றைத் தாமே நீக்குதலும் எளிது.

ரன்னர் மேலே சென்ற பின்னரும் அதன் பின்னால் பற்கள் பிரிந்து நிற்பதைப் பலமுறை காண்கின்றோம். உடனே பற்கள் கெட்டன என்று எண்ணி ஜிப்பையே மாற்றிவிடுகின்றோம். பெரும்பாலும் கெட்டது பற்கள் அல்ல, ரன்னரே. பல நாள் உழைப்பால் அதன் சுவர்கள் சற்றே விரிந்துவிடுகின்றன. விரிந்த சுவர் பற்களை நெருக்க மாட்டாது. அப்போது ரன்னரை அடிவரையில் இறக்கி, அதன் குறுகிய முனையின் இரு ஓரங்களையும் சிறு குறட்டால் மெல்ல அழுத்துதல் வேண்டும். இடப்புறம் சிறிது, வலப்புறம் சிறிது என மாறி மாறி அழுத்தி, இடையிடையே இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் ரன்னர் உடைந்துவிடும். அல்லது நகராமல் இறுகிவிடும்.

ரன்னர் கடினமாக நகருமாயின் பற்களிடையே மண்ணோ நூலோ சேர்ந்திருக்கும். பழைய பல்துலக்கியைச் சோப்பு நீரில் தோய்த்துத் தேய்த்து, ஈரம் போக உலர்த்த வேண்டும். பின்னர் மெழுகுவத்தியையோ, பென்சில் முனையையோ பற்களின்மீது தடவி ரன்னரை மேலும் கீழுமாகச் சிலமுறை இழுத்தால் அது எளிதாக ஓடும். எஞ்சிய துகளைத் துணியால் துடைத்துவிடல் வேண்டும். எண்ணெய் இடுதல் தகாது. அது துணியில் கறை படியச் செய்வதோடு புழுதியையும் ஈர்க்கும்.

துணியின் மடிப்பு ரன்னரில் சிக்கிக்கொண்டால் முன்னே இழுப்பது தவறு. இழுக்க இழுக்கத் துணி மேலும் உட்செல்லும். ஒரு கையால் துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரன்னரை வந்த வழியே சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்த வேண்டும். ஒரு பல் வளைந்திருந்தால் குறட்டால் நிமிர்த்தலாம். ஜிப்பின் அடியிலுள்ள தடுப்பு விழுந்துவிட்டால், அவ்விடத்தில் வலிய நூலால் பலமுறை குறுக்கே தைத்துத் தடுப்பு உண்டாக்கலாம். அடியோரத்தில் ஒன்றிரண்டு பற்கள் உதிர்ந்திருந்தாலும் அவற்றுக்கு மேலே இவ்வாறு தைத்து எஞ்சிய பகுதியைப் பயன்படுத்தலாம். நடுவில் பல் உதிர்ந்திருந்தால் மட்டும் ஜிப்பை மாற்றுவதே முறை. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை என் செய்யும்?

பழுது வந்தபின் நீக்குவதைவிட வராமற் காத்தல் சிறந்தது. துவைக்கும்போது ஜிப்பை மூடிவிட வேண்டும். திறந்திருந்தால் பற்கள் பிற துணிகளில் மாட்டி வளையும். பையின் கொள்ளளவுக்கு மேல் பொருள்களைத் திணித்து மூடுதல் கூடாது. இப்போது நைலான் பற்கள் கொண்ட ஜிப்களும் மிகுதியாக வழங்குகின்றன. அவற்றின்மீது சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தல் ஆகாது.

இறுதி நாட்கள்

சண்ட்பேக் பிறந்த நாடும் அவரை மறக்கவில்லை. 1951ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அரச பொறியியல் அறிவியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. 1954ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தம் 74ஆம் வயதில், அவர் மீட்வில் நகரில் காலமானார். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், 2006ஆம் ஆண்டில், அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அவருக்குப் பின்னர் ஜிப்பின் உலோகம் மாறியது, நிறம் மாறியது, செய்யும் நாடுகளும் மாறின. இரு வரிசைப் பற்களும் அவற்றைக் கூட்டிப் பிரிக்கும் ரன்னரும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. மின்னாக்கிப் பேரியந்திரங்களைச் செய்யும் இடத்தை விட்டுச் சிறு கொக்கியைத் திருத்த வந்தவர் அவர். பொருளின் சிறுமை கண்டு அவர் அதனை இகழவில்லை. தோல்வி வந்தபோது வலிந்து முயலாமல், தவறு எங்கே உள்ளது என்று மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்தார்.

நாளைக் காலையில் நம் பையின் ஜிப் பாதி வழியில் நின்றுவிடலாம். அப்போது கையின் வலிமையைக் காட்டுவதற்கு முன் ஒரு கணம் நின்று, தடை எங்கே உள்ளது என்று உற்று நோக்குவோம். பை பிழைக்கும், அதனைச் செய்தவரின் உழைப்பையும் நாம் மதித்தவர்கள் ஆவோம்.